கொக்கி மாட்டிய பிறகு ஒரு நிமிடம்

மார்ச் 4

அண்ணாவுக்கு,

போன் செய்யாதே, செய்தாலும் எடுக்க மாட்டேன். போனில் நீ பேசிப் பேசியே இந்தத் தங்கையைச் சமாளித்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பதில் சொல்ல ஏதாவது இருந்தால் நீயும் எழுது.

நேற்றுக் காலை பதினொன்று பத்துக்கு எங்கள் தீயணைப்பு நிலையத்துக்கு அழைப்பு வந்தது. மூன்றாவது மாடியிலிருந்து ஒரு பெண் விழுந்துவிட்டாள் என்றார்கள். போய்ப் பார்த்தால் அவள் மாடியிலிருந்து விழவில்லை, மாடிக்கு ஏறும்போது விழுந்திருக்கிறாள். முப்பது வயது இருக்கும். வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறவள், கழுத்தில் இஞ்ச் டேப் அப்படியே கிடந்தது. நினைவு இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "உள்ள பாப்பா தூங்குது, அயர்ன் பாக்ஸ் ஆன்ல இருக்கு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

குப்பை போட இறங்கியிருக்கிறாள். காற்றில் கதவு சாத்திக்கொண்டது. தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு. சாவியும் போனும் உள்ளே. அக்கம்பக்கத்தில் எல்லாக் கதவையும் தட்டியிருக்கிறாள், எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். கடைசியில் பக்கத்துக் கிடங்கின் கூரைமேல் ஏறி நின்று, தன் வீட்டுப் பால்கனியைக் குறிவைத்துக் கொக்கி எறிந்திருக்கிறாள். கொக்கிதான் அண்ணா. நாலு முனை. கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சு. எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா?

கதவை உடைத்து நான்தான் உள்ளே போனேன். குழந்தை அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது. அயர்ன் பாக்ஸ், கொஞ்ச நேரம் தொடாவிட்டால் தானே அணைந்துவிடுகிற புது ரகம். வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறதாம், அவளுக்கு அது தெரியாது. தொட்டுப் பார்த்தேன், சூடே இல்லை. பக்கத்தில் தையல் மெஷின்மேல் நீ எழுதின கதைப் புத்தகம் கிடந்தது. கொக்கி எறிகிற அத்தியாயத்தில் ஒரு நூலை அடையாளம் வைத்திருந்தாள்.

பால்கனியிலிருந்து கீழே சன்ஷேடில் விழுகிற துணியை எடுக்க அந்தக் கொக்கியைச் செய்து வைத்திருந்தாளாம். கேட் வெல்டிங் செய்கிறவரிடம் உன் புத்தகத்தையே காட்டி, இதில் சொல்லியிருக்கிற மாதிரியே வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறாள். துணி எடுக்கிறவரைக்கும் ஒரு குறையும் இல்லை. நேற்று உன் கதாநாயகி செய்ததைச் செய்தாள். எறிந்தாள், மாட்டியது, உடனே ஏறினாள்.

கொக்கி மாட்டியது பால்கனிக் கம்பியில் இல்லை. பூந்தொட்டியைக் கட்டியிருந்த மெல்லிய கம்பியில். நாங்கள் இதைப் பொய்ப்பிடி என்போம். இழுத்துப் பார்த்தால் கெட்டியாகத்தான் இருக்கும், எடை ஏற ஏற மெதுவாகப் பிரியும். அதனால்தான் கொக்கி மாட்டியதும் யாரும் ஏறக் கூடாது. தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், முழு எடையையும் கயிற்றில் போட்டு, ஒரு நிமிடம் தொங்கிப் பார்க்க வேண்டும். பொய்ப்பிடி அதற்குள் பிரிந்துவிடும், முழங்கால் சிராய்ப்போடு போகும். இவள் பன்னிரண்டு அடி ஏறிய பிறகு பிரிந்தது. கூரை விளிம்பில் முதுகு அடித்து, அங்கிருந்து தரைக்கு.

இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார், அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

அந்த ஒரு நிமிடம் உன் புத்தகத்தில் ஏன் இல்லை? நேற்று ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை. பத்தொன்பது வருஷ சர்வீஸில் எனக்கு இப்படி ஆனதில்லை.

பல்லி


மார்ச் 9

பல்லிக்கு,

உன் கடிதத்தை வாசலில் நின்றபடியே பிரித்தேன். அண்ணி வந்து, ஏன் பேயறைந்த மாதிரி நிற்கிறீர்கள் என்று கேட்ட பிறகுதான் உள்ளே வந்தேன். அந்தப் பெண்ணின் முகம் எனக்குத் தெரியாது, ஆனாலும் கண்ணை மூடினால் வந்து நிற்கிறாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. அது கதை. கதையில் கொக்கி ஒரே வீச்சில் மாட்டும். இருபது தடவை எறிந்து, இருபதாவது தடவை மாட்டி, அப்புறம் நிதானமாகத் தொங்கிப் பார்த்து ஏறுகிறவளை யார் படிப்பார்கள்? பின்னால் எதிரி வந்துகொண்டிருக்கிறான், முன்னால் சுவர். ஏணி இருந்தால் கதை இல்லை, வழியே இல்லாவிட்டாலும் கதை இல்லை. அதற்குத்தான் எங்களுக்குக் கொக்கி. நிஜத்தில் அது கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற பாதாளக் கரண்டிக்குத் தம்பி முறை என்று எனக்குத் தெரியாதா? வாளி எடுப்பதை எழுதினால் புத்தகத்தை எடைக்குத்தான் போடுவார்கள். என் மற்றொரு கதையில் ஒருவன் குடையோடு மாடியிலிருந்து குதிக்கிறான். அதைப் பார்த்து யாராவது குதித்தால் அதற்கும் நானா?

இதை எழுதி முடித்துவிட்டுத் திரும்பப் படித்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது. இருந்தாலும் அடிக்காமல் விடுகிறேன், நான் என்ன நினைத்தேன் என்பது உனக்குத் தெரியட்டும்.

இன்னொன்று. தொங்கிப் பார்ப்பதைப் பற்றி நீ எனக்குச் சொன்னதாக ஞாபகமே இல்லை. முடிச்சு சொன்னாய், முனை எத்தனை என்று சொன்னாய், கையுறை சொன்னாய். அதையெல்லாம் வரி விடாமல் எழுதியிருக்கிறேன். இதைச் சொல்லியிருந்தால் விட்டிருப்பேனா?

அவள் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்? நான் வந்து பார்க்கலாமா?

அண்ணா


மார்ச் 13

அண்ணா,

வராதே. உன்னைப் பார்த்து அவளுக்கு என்ன ஆகப்போகிறது?

குடைக் கதை வேறு, இது வேறு. குடையோடு குதிப்பது பொய் என்று படிக்கிறவர்களுக்குத் தெரியும். இதில் நீ முனை எத்தனை, கயிறு எத்தனை விரல் தடிமன், முடிச்சு எங்கே என்று எல்லாம் நிஜமாக எழுதிவிட்டு, உயிரைக் காப்பாற்றுகிற ஒன்றை மட்டும் எடுத்துவிட்டாய். முழுப் பொய்யாக எழுதியிருந்தால் அவள் இன்றைக்கு நடந்துகொண்டிருப்பாள்.

எங்கள் நிலையத்திலும் கொக்கி இருக்கிறது. எரிகிற கூரை ஓட்டை இழுக்கிறோம், ஆற்றில் மூழ்கியவர்களைத் தேடுகிறோம். அதைப் போட்டு மேலே ஏறியது நான் மொத்தமே ஒரு தடவைதான், அதுவும் பயிற்சியில், கீழே வலை விரித்து. நீ அந்த ஒரு தடவையை வைத்து ஒரு புத்தகமே எழுதினாய். வீட்டில் பல்லி என்று கூப்பிட்டவளுக்குப் பதவி உயர்வு கொடுத்து, கதையில் உடும்பு என்று பேர் வைத்தாய். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நிலையத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாம், உடும்பு நீங்கள்தானா என்று கேட்டுவிட்டுத்தான் சல்யூட் அடிப்பார்கள்.

நான் சொல்லவில்லை என்கிறாயே, நன்றாக யோசி. எட்டு வருஷத்துக்கு முன்னால், கைப்பிரதியை எனக்கு அனுப்பினாய். நைட் ட்யூட்டி ஓய்வறையில் உட்கார்ந்து படித்தேன். அதில் உடும்பு தொங்கிப் பார்க்கிறாள். ஒரு பத்தி முழுக்க இருந்தது, கண்ணால் படித்தேன். அச்சாகி வந்த புத்தகத்தை நான் புரட்டக்கூட இல்லை, என்னைப் பற்றி எழுதியிருப்பதை எத்தனை தடவை படிப்பது என்று வைத்துவிட்டேன். போன வாரம்தான் எடுத்துப் பார்க்கிறேன், அந்தப் பத்தி இல்லை. தெரிந்தே எடுத்திருக்கிறாய்.

இதை அந்தப் பெண்ணிடமும் சொல்லிவிட்டேன். தினமும் ட்யூட்டி முடிந்து போய்ப் பார்க்கிறேன். குழந்தை அவள் அம்மாவிடம் இருக்கிறது. கால் விஷயம் இப்போது அவளுக்குத் தெரியும். என்னைத் தவிர யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. புத்தகம் எழுதியது என் அண்ணன், அவனுக்கு எல்லாம் தெரியும், விறுவிறுப்புக்காக எடுத்துவிட்டான் என்று சொன்னேன். அவள் உன்னைத் திட்டவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

எங்கள் நிலைய அதிகாரி அந்தக் கைப்பிரதிப் பக்கத்தைக் கேட்கிறார். அறிக்கையோடு இணைக்க வேண்டுமாம். அனுப்பு. முன்னுரையில் என்னைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அதையும் எடுத்துவிடு.

பல்லி


மார்ச் 20

பல்லிக்கு,

நீ சொன்னது சரி. தப்பு முழுக்க என்னுடையதுதான். அந்தப் பத்தியை நான்தான் எடுத்தேன்.

பதிப்பகத்தில் பேசிவிட்டேன். கடைகளில் இருக்கிற பிரதிகளைத் திரும்ப எடுக்கச் சொல்லியிருக்கிறேன். வாரப் பத்திரிகையில் மன்னிப்புக் கேட்டு எழுதப்போகிறேன். எழுதியவன் நான், எடுத்தவனும் நான் என்றுதான் அதில் இருக்கும். உன் பெயரோ வேலையோ எங்கும் வராது.

கைப்பிரதி இப்போது இல்லை. பரணில் கரையான் அரித்துவிட்டது. உன் அதிகாரி கேட்டால், அண்ணன் ஒப்புக்கொண்டுவிட்டான், பக்கம் எதற்கு என்று சொல்லிவிடு.

அந்தப் பெண்ணுக்கு என்னால் என்ன செய்ய முடியும் என்று சொல், செய்கிறேன்.

அண்ணா


மார்ச் 24

அண்ணா,

உனக்கு என்ன ஆச்சு? தோசை கருகினதற்கே நாலு பக்கம் வாதாடுகிறவன், மூன்று வரியில் எல்லாத் தப்பையும் தலையில் போட்டுக்கொள்கிறாய். எனக்கு இது நல்லதாகப் படவில்லை.

அண்ணியிடம் போன் செய்து கேட்டேன். வீட்டில் கரையானும் இல்லை, கறையும் இல்லை. கைப்பிரதி இருக்கிற பெட்டி பத்திரமாக இருக்கிறதாம். போன செவ்வாய்க்கிழமை அதை நீயே பரணிலிருந்து இறக்கி, பக்கத்தில் வைத்துக்கொண்டு, சாப்பிடக் கூப்பிட்டும் வராமல் உட்கார்ந்திருந்தாயாம்.

எதை மறைக்கிறாய்? வேறு யாராவது எடுக்கச் சொன்னார்களா? பதிப்பகத்துக்காரரா? அவரைக் காப்பாற்ற நீ ஏன் அடி வாங்க வேண்டும்? நேற்று அவள் என்னிடம், "உங்க அண்ணன் வேணும்னு செஞ்சிருப்பாராங்க?" என்று கேட்டாள். உன்னை நாற்பது வருஷமாகத் தெரிந்தவள், தெரியவில்லை என்றுதான் சொன்னேன்.

பக்கத்தை அனுப்பு. இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நானே வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவேன்.

பல்லி


மார்ச் 29

பல்லி,

வந்து பெட்டியைத் திறந்து, என் கண் முன்னால் பார்ப்பதைவிட, தனியாகப் பார்ப்பது உனக்கு நல்லது. அதனால் அனுப்புகிறேன். பக்கம் 131 உள்ளே இருக்கிறது. கடிதத்தை முதலில் படித்துவிட்டு, உட்கார்ந்துகொண்டு, அப்புறம் அந்தத் தாளைப் பிரி.

எனக்கும் ஞாபகம் இல்லை, சத்தியமாக. நான்தான் எடுத்திருப்பேன் என்று நினைத்துத்தான் பெட்டியை இறக்கினேன்.

அதிகாரிக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். கொடுக்காதே என்று நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணா


ஏப்ரல் 1

அண்ணா,

என் கையெழுத்து.

சிவப்புப் பேனா, வண்டிப் பதிவேட்டில் எழுதுகிற அதே பேனா. பத்தியின்மேல் மூலைக்கு மூலை கோடு போட்டு அடித்திருக்கிறேன். ஓரத்தில் எழுதியிருக்கிறேன்: 'இது வேண்டாம் அண்ணா. வௌவால் மாதிரி தொங்கவிட்டு என் மானத்தை வாங்காதே. நிலையத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். உடும்பு எறிந்தால் மாட்டும், அவ்வளவுதான்.'

பத்துத் தடவை படித்துவிட்டேன். எழுதினது ஞாபகத்துக்கே வரவில்லை. கீழே ஒரு சிரிக்கிற முகம் வேறு வரைந்திருக்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு வருஷா வருஷம் வகுப்பெடுக்கிறேன். தொங்கிப் பார்க்காமல் ஏறினால் கயிற்றைத் தொடவே விட மாட்டேன். ஒருத்தன் நாற்பது விநாடி மட்டும் தொங்கிவிட்டு ஏறிவிட்டான் என்று ஒரு வாரம் வண்டி கழுவ விட்டவள் நான். அதே நான்தான், புத்தகத்தில் வருகிறவள் பயந்தாங்கொள்ளி மாதிரி தெரியக் கூடாது என்று அடித்திருக்கிறேன்.

நாலு வாரமாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு உன்னைத் திட்டியிருக்கிறேன். நீ இதைக் கண்டுபிடித்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. ஏன்டா அப்படிச் செய்தாய்?

இன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.


ஏப்ரல் 5

பல்லிக்கு,

'டா' போட்டுக் கூப்பிட்டு முப்பது வருஷம் ஆகிறது. அழுதுவிட்டேன்.

நீ அடித்தாய், சரி. அடித்ததை அப்படியே அச்சுக்கு அனுப்பினது நான். உனக்கு ஒரு போன் போட்டு, இது முக்கியமா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பத்தி போனதில் எனக்குச் சந்தோஷம்தான் இருந்திருக்கும். அத்தியாயம் வேகமாக ஓடுகிறது அல்லவா? எனக்கு வேண்டியதைத்தான் நீ செய்து கொடுத்தாய். அதனால் நான் உன்னைக் காப்பாற்றினேன் என்று பெரிதாக நினைத்துக்கொள்ளாதே.

இப்போது நான் சொல்வதைக் கேள். அவளிடம் சொல்லாதே. உன் நிம்மதிக்காக அவளிடம் இருக்கிற ஒரே பிடியையும் பறிப்பாயா? அவள் நம்பிப் பேசுகிறது உன்னிடம் மட்டும்தான் என்று நீதான் எழுதினாய். என்மேல் கோபப்படுவது அவளுக்குச் சுலபம், முகம் தெரியாதவன் நான். தப்பு என் தலையிலேயே கிடக்கட்டும், அது கெட்டித் தலை. அறிக்கையிலும் என் பெயரே இருக்கட்டும். உனக்கு வேலை இருக்க வேண்டும். நீ நிலையத்தில் இருந்தால் நாளைக்கு நாலு உயிராவது பிழைக்கும்.

அந்தத் தாளைக் கிழித்துப் போடு. இதைப் பற்றி இனி நாம் இரண்டு பேரும் பேச வேண்டாம்.

அண்ணா


ஏப்ரல் 11

அண்ணா,

தாளை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கோப்பில் வைத்தார். பயிற்சி வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். வேலை இருக்குமா என்பது அடுத்த மாதம் தெரியும்.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீ சொன்னதை வழியெல்லாம் யோசித்தேன். மாடிப்படியில் நின்று, திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். பத்து நாளாக நான் வராததற்கு அவள் கோபப்படவில்லை. "காய்ச்சலா?" என்று கேட்டாள். பக்கத்து மேஜையில் ஒரு சின்னக் கவுன் இருந்தது, படுத்தபடியே கையால் தைத்துக்கொண்டிருக்கிறாள். குழந்தைக்கு. என் யூனிபாரத்தில் பட்டன் தொங்குகிறது, கழற்றிக் கொடுங்கள், தைத்துத் தருகிறேன் என்றாள். கொடுத்திருந்தால் என்னால் அப்புறம் சொல்லியிருக்கவே முடியாது.

சொன்னேன். எழுதினது அண்ணன், அடித்தது நான் என்று சொன்னேன். ஓரத்தில் என்ன எழுதியிருந்தேன் என்பதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். ஏன் அடித்தேன் என்பதையும் சொன்னேன்.

அவள் சொன்னாள், "நான் சும்மா ஏறலைங்க. முன்னுரையில போட்டிருந்துச்சு. தீயணைப்புல இருக்கிற தங்கச்சி ஒவ்வொரு வரியும் பாத்து சரின்னு சொன்னதுன்னு. அதனாலதான் அந்தப் புத்தகத்தை நம்பினேன். மத்தக் கதையெல்லாம் நான் நம்புறதில்ல."

அண்ணா, எடுத்துவிடு என்று உனக்கு எழுதினேனே, அந்த வரிதான். அவள் உன்னை நம்பி ஏறவில்லை. என்னை நம்பி ஏறியிருக்கிறாள்.

எத்தனை நேரம் தொங்கிப் பார்க்கணும் என்று கேட்டாள். ஒரு நிமிடம் என்றேன். வார்டுச் சுவரில் ஒரு கடிகாரம் இருக்கிறது. விநாடி முள் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறவரை அதையே பார்த்தாள். நானும் பார்த்தேன். பாதிச் சுற்றில் பக்கத்துக் கட்டிலில் யாரோ தண்ணீர் கேட்டார்கள், நர்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

நான் தலையாட்டினேன்.

"நான் பதினாலு தடவ எறிஞ்சேன். கை வலிச்சுது, உள்ள பாப்பா இருக்குன்னு பதட்டம். மாட்டினதும் ஏறிட்டேன். கதையில அவ தொங்கிப் பாத்திருந்தா நானும் பாத்திருப்பேங்க. அவ செஞ்ச எல்லாத்தையும் செஞ்சேனே."

மன்னித்துவிடு என்று கேட்க வாயெடுத்தேன். அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள். தினமும் நான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கை அது. உங்கள் அண்ணன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை, ஏன் என்று இப்போது தெரிகிறது என்றாள். அப்புறம் அந்தக் கவுனை எடுத்து, ஊசியில் நூல் கோத்தாள். ஒரே தடவையில் கோத்துவிட்டாள்.

புத்தகம் மறுபடி அச்சுக்குப் போகுமானால், அந்தப் பத்தியைப் போடு. முன்னுரையில் என் வரியையும் எடுக்காதே. நான் அடித்ததை, எதற்காக அடித்தேன் என்பதோடு, அதற்குக் கீழேயே எழுது. பத்திரிகை மன்னிப்பிலும் என்னை விட்டுவிடாதே.

நான் கிளம்பினேன். இத்தனை நாளும் நான் புறப்படும்போது 'போயிட்டு வாங்க' என்பாள், எவ்வளவு வலி இருந்தாலும். கதவு வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தேன். துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போங்க" என்றாள்.

பல்லி